கணக்கை மாற்ற எழுதிக் கொடுத்தாச்சு, இப்போது வேண்டாம்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி செக்காலை ரோட்டில் வரிக்கணக்கு எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பி.பி.எஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), செல்வமகள் (பெண் குழந்தைகளுக்கான திட்டம்) போன்ற சேமிப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்து, "இருந்த இடத்துலயே இருக்கட்டுமே" என்று திரும்பி வருகிறவர்கள் இங்கே அதிகம். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"என் எஸ்.பி. கணக்கை வேற பேங்குக்கு மாத்த எழுதிக் கொடுத்துட்டேன். எப்படி கேன்சல் பண்றது?"

எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்ற நம் நாட்டில் வழியே இல்லை. நம்பரை வைத்துக்கொண்டே செல்போன் கம்பெனியை மாற்றுகிறோமே, அந்த வசதி வங்கிக் கணக்குக்கு வரவில்லை. புது இடத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும், பழையதை முடிக்க வேண்டும். ஆகவே நீங்கள் கொடுத்தது ஒன்று கணக்கை முடிக்கும் படிவமாக இருக்கும், இல்லையென்றால் அதே வங்கியின் வேறு கிளைக்கு மாற்றும் படிவமாக இருக்கும்.

கிளை மாற்றம் என்றால் பதற்றம் வேண்டாம். கணக்கு எண் மாறாது, ஐ.எஃப்.எஸ்.சி. என்ற கிளைக் குறியீடு மட்டும் மாறும், திரும்பி வர இன்னொரு மனு போதும். முடிக்கும் படிவம் என்றால் அன்றைக்கே கிளைக்குப் போய் நிறுத்துங்கள். கணினியில் மூடிய கணக்கைப் பொதுவாக அதே எண்ணில் திறந்து தரமாட்டார்கள். பென்ஷன், கேஸ் மானியம், எல்.ஐ.சி. பிடித்தம் எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கும்.

"அப்ப எந்தக் கணக்கைத்தான் பேங்க் விட்டு பேங்க் மாத்த முடியும்?"

மத்திய அரசின் சிறுசேமிப்புத் திட்டக் கணக்குகளை மாற்றலாம். பி.பி.எஃப், செல்வமகள், மூத்த குடிமக்கள் சேமிப்பு ஆகிய மூன்றும்தான் இங்கே அதிகம் வருகின்றன. இவற்றை அஞ்சலகத்திலும் வைக்கலாம், அனுமதி பெற்ற வங்கியிலும் வைக்கலாம், இடையில் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். 2015-இல் தமிழக அஞ்சல் துறை "பொன்மகன்" என்ற பெயரில் ஆரம்பித்துக் கொடுத்ததும் பி.பி.எஃப்தான். இது தெரியாமல் வருகிற வம்பு ஒன்று கீழே இருக்கிறது.

வட்டிக்காக மாற்றுவதாகச் சிலர் சொல்கிறார்கள். இந்தத் திட்டங்களின் வட்டியை மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே வட்டிதான். பி.பி.எஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கிறது, செல்வமகள் 2024 ஜனவரியிலிருந்து 8.2. "அந்த பேங்க்ல கூடத் தர்றாங்களாம்" என்று யாராவது சொல்லி மாற்றப் போயிருந்தால், அந்தக் காரணம் இப்போதே விழுந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கம், செல்போனிலேயே பணம் கட்டலாம் என்பவைதான் மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள்.

"எழுதிக் கொடுத்த பிறகு உள்ள என்னதான் நடக்குது? ஒரு மாசமாச்சு, ஒண்ணும் தெரியல."

அஞ்சலகமானால் எஸ்.பி.-10(பி) என்ற படிவம், வங்கியானால் அவர்களுடைய மாற்று மனு. பாஸ்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பழைய இடத்தில் கணக்கை "மாற்றம்" என்று முடித்து, இருப்புத் தொகைக்குப் புது வங்கியின் பெயரில் டி.டி.யோ காசோலையோ எடுப்பார்கள். அதோடு நீங்கள் முதன்முதலில் கொடுத்த விண்ணப்பம், நாமினி படிவம், மாதிரிக் கையெழுத்து, கணக்கு விவரத்தின் சான்று நகல் எல்லாம் சேர்ந்து ஒரே உறையில் புதுக் கிளைக்குப் போகும். அங்கே உங்களைக் கூப்பிட்டு ஆதார், பான், போட்டோ வாங்கி, புது எண்ணில் கணக்கைத் தொடர்வார்கள். சிறிய அஞ்சலகத்தில் கொடுத்த மனு தலைமை அஞ்சலகம் போய் வரவும் நாளாகும்.

ரத்து செய்ய வருகிற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த உறை இன்றைக்கு எங்கே இருக்கிறது? அது தெரியாமல் போனில் யாரிடம் கெஞ்சியும் பயனில்லை.

"முந்தாநாள்தான் கொடுத்தேன். இப்ப நிறுத்தலாமா?"

நிறுத்தலாம், இதுதான் சுலபமான கட்டம். மனு கொடுத்த இடத்துக்கே நேரில் போங்கள். புது வங்கியில் சொல்லி ஒன்றும் ஆகாது, அவர்களிடம் இன்னும் எதுவுமே வந்திருக்காது. ரத்துக்கென்று தனிப் படிவத்தைத் தேட வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிய மனு போதும்.

இரண்டு நகல் எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு ரப்பர் ஸ்டாம்பும் கையெழுத்தும் வாங்குங்கள். "சொல்லிட்டேன் ஆச்சி, நீங்க போங்க" என்று கவுண்டரில் சொன்னாலும் ஸ்டாம்ப் வாங்காமல் நகராதீர்கள். அவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் நாளைக்கு அவர் லீவில் போனால் உறையை அனுப்புகிறவர் வேறொருவர். பாஸ்புத்தகத்தையும் கையோடு கேட்டு வாங்குங்கள். அதில் "மாற்றம்" என்று முத்திரை விழுந்திருந்தால், அதை அடித்து அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

"லெட்டர்ல என்னன்னு எழுதணும்?"

இவ்வளவு போதும்:

"ஐயா, தங்கள் அலுவலகத்தில் என் பெயரில் உள்ள ______ எண் பி.பி.எஃப் கணக்கை ______ வங்கி ______ கிளைக்கு மாற்றும்படி ______ தேதியில் மனு கொடுத்திருந்தேன். அந்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கைத் தங்களிடமே தொடர விரும்புகிறேன். டி.டி. அல்லது காசோலை எடுக்கப்பட்டிருந்தால் அதை அனுப்பாமல் நிறுத்தி, தொகையை அதே கணக்கில் வைக்கவும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய தேதியையும் தபால் எண்ணையும் தெரிவிக்கவும். என் பாஸ்புத்தகத்தைத் திருப்பித் தரவும்."

காரணம் எழுத வேண்டியதில்லை. மகன் சொன்னான், மருமகள் சொன்னாள் என்று அரைப்பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவையும் படித்து முடிப்பதற்குள் உறை தபாலுக்குப் போய்விடும்.

"டி.டி. எடுத்தாச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றாங்க. நெசமா?"

பாதி உண்மை. டி.டி. எடுத்தது நீங்கள் அல்ல, பழைய அலுவலகம். ஆகவே அதை ரத்து செய்யச் சொல்லும் உரிமையும் அவர்களுக்குத்தான் உண்டு. டி.டி. இன்னும் அவர்கள் மேசையில் இருந்தால், ரத்து செய்து கணக்கை மறுபடி உயிர்ப்பிக்க அவர்களால் முடியும். ஆனால் மூடிய கணக்கைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும், கணினியில் பதிவுகளைத் திருப்பிப் போட வேண்டும். அலுத்துக்கொள்வார்கள்தான். மேலே சொன்ன மனுவைக் கொடுத்து, "முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். முடியாது என்பதை எழுத்தில் தருவதற்கு யோசிப்பார்கள், அந்த யோசனையில் பல வேலை நடந்திருக்கிறது.

"உறை புது பேங்குக்குப் போய்ச் சேந்துடுச்சு. ஆனா நான் அங்க இன்னும் கையெழுத்துப் போடல."

இப்போது இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். புதுக் கிளைக்கு "கணக்குத் தொடங்க விருப்பமில்லை, வந்த ஆவணங்களையும் தொகையையும் அனுப்பிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பவும்" என்று ஒரு மனு. அதன் நகலோடு பழைய இடத்துக்கு இன்னொன்று. உங்கள் கே.ஒய்.சி.யும் (ஆதார், பான் போன்ற அடையாள ஆவணங்கள்) கையெழுத்தும் இல்லாமல் அவர்கள் கணக்கைத் தொடர முடியாது என்பதுதான் இங்கே உங்கள் பலம். டி.டி. கையில் கிடைத்தால் நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது வங்கி பெயரில் உள்ள டி.டி., வங்கி வழியாகவே திரும்பட்டும்.

மனு கொடுத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. டி.டி.க்கு ஆயுள் மூன்று மாதம். இரண்டு அலுவலகமும் "அவங்க பாத்துக்குவாங்க" என்று இருந்தால் அது காலாவதியாகி, புதுப்பிக்க மறுபடி ஒரு அலைச்சல்.

சில சமயம் நீங்கள் கேட்காமலேயே உறை திரும்பிவிடும். நம் பக்கத்தில் அதற்குப் பெரிய காரணம் விலாசம், அதாவது முகவரி அல்ல, பெயருக்கு முன்னால் போடும் குடும்ப இனிஷியல். பழைய பாஸ்புத்தகத்தில் பெயருக்கு முன்னால் நாலெழுத்து விலாசம் வரிசையாக நிற்கும். ஆதாரில் ஒரே இனிஷியல். பானில் அதை விரித்து முழுப் பெயராக்கி இருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கூடவே வயதான ஆச்சிமார் கையெழுத்து பதினைந்து வருடத்தில் நடுங்கிப் போயிருக்கும். புது வங்கி "பொருந்தவில்லை" என்று திருப்பிவிட்டால், மனம் மாறியவர்களுக்கு அது நல்ல காலம். அந்தக் கடிதத்தின் நகலை மட்டும் வாங்கி வையுங்கள்.

"புது பேங்க்ல பாஸ்புக்கே கொடுத்துட்டாங்க. இப்பவும் கேன்சல் பண்ணலாமா?"

கேன்சல் கிடையாது. அங்கிருந்து பழைய இடத்துக்கு மறுபடி மாற்றச் சொல்லிப் புது மனுதான் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன அத்தனையும் எதிர்த்திசையில் நடக்கும். அஞ்சலகத்தில் மாற்றுக் கட்டணம் 100 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். கணக்கு எண் இன்னொருமுறை மாறும், நாமினி மறுபடி எழுத வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டத்தில் அங்கேயே ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம். வட்டி ஒன்றே, திரும்பி வருகிற அலைச்சலுக்கு ஈடாக ஏதாவது கிடைக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்த வங்கி என்று ஐ.ஓ.பி.யை விட மனசில்லாமல் திரும்பப் போனவர்களும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது வட்டிக் கணக்கில் சேராது.

"இந்த இழுபறியில வட்டி போயிடாதா?"

விதிப்படி போகக் கூடாது. மாற்றம் என்பது அதே கணக்கின் தொடர்ச்சி. பி.பி.எஃப்.பில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்கு வட்டி கணக்கிட்டு, மார்ச் 31-இல் வரவு வைப்பார்கள். உறை வழியில் கிடந்த மாதமும் இதில் சேர வேண்டும். ஆறு லட்சம் இருப்பு என்றால் ஒரு மாத வட்டி 3,550 ரூபாய். அது விட்டுப்போனால் தானாக யாரும் கண்டுபிடித்துத் தரமாட்டார்கள். மார்ச் முடிந்ததும் பாஸ்புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வட்டியைவிடப் பெரிய ஆபத்து, தொடங்கிய தேதி. பொன்மகன் கணக்கை 2015 அக்டோபரில் தொடங்கினீர்கள் என்று வையுங்கள். அந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 வருடம், அதாவது 2031 ஏப்ரல் 1-இல் முதிரும். மாற்றம் போய் வந்த பிறகு யாராவது மாற்றிய தேதியையே தொடங்கிய தேதி என்று பதிந்துவிட்டால், முதிர்வு பல வருடம் தள்ளிப் போய்விடும். கடனும் இடையில் பணம் எடுக்கும் உரிமையும் கூடவே தள்ளிப் போகும். முன்பக்கத்தில் பழைய தேதி அச்சாகி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

"மார்ச் மாசம் நெருங்குது. உறை நடுவழியில இருக்கு. இந்த வருசப் பணத்தை எங்க கட்டறது?"

மாற்றம் நடக்கும்போது இரண்டு இடத்திலும் கட்ட முடியாது. வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் கட்டாவிட்டால் பி.பி.எஃப் செயலற்றதாகும். அதைச் சரிசெய்ய விடுபட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் வேண்டும். செல்வமகளுக்குக் குறைந்தபட்சம் 250. ஜனவரிக்குப் பிறகு மாற்ற மனு கொடுக்கிறவர்களிடம், அந்த வருடப் பணத்தைக் கட்டிவிட்டு மனு கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. பழைய இடத்தில் இந்த வருடம் எவ்வளவு கட்டினீர்கள் என்பதை நீங்களே குறித்து வையுங்கள். இரண்டு இடமும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வட்டி கிடையாது.

"அவசரத்துல புது பேங்க்ல புதுசாவே ஒரு பி.பி.எஃப். திறந்துட்டேன். பழையதும் கேன்சல் ஆகி அங்கேயே நின்னுடுச்சு."

ஒருவருக்கு ஒரே ஒரு பி.பி.எஃப்தான். இப்படி இரண்டு வைத்திருப்பவர்களுக்காக மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் வழிகாட்டுதல் கொடுத்தது, அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டில் எதை முதன்மையாக வைத்துக்கொள்வது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மற்றதில் உள்ள தொகையை ஆண்டு வரம்புக்கு உட்பட்டு முதன்மைக் கணக்கில் சேர்ப்பார்கள். மிஞ்சியதை வட்டி இல்லாமல் திருப்பித் தருவார்கள். மூன்றாவது என்று ஒன்று இருந்தால் அதற்குத் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி இல்லை. பழையதை முதன்மையாக வைப்பதே நல்லது, ஓடிய வருடங்கள் அதில்தான் இருக்கின்றன.

மேலே சொன்ன பொன்மகன் வம்பும் இதுதான். மகன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பச்சி (அப்பா) அஞ்சலகத்தில் பொன்மகன் போட்டிருப்பார். மகன் வேலைக்குப் போனதும் வங்கியில் பி.பி.எஃப் தொடங்குவான். இரண்டும் ஒன்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மாற்றப் போகும்போதுதான் பான் எண் காட்டிக் கொடுக்கும். அந்த நிலையில் மாற்று மனுவை ரத்து செய்வதால் விஷயம் மறையாது, இணைக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

"பேத்திக்கு ஐயா போட்ட செல்வமகள். அப்பா பேருக்கு மாத்தச் சொன்னாங்க, அப்படியே பேங்குக்கும் மாத்த எழுதிட்டோம். ரெண்டையும் நிறுத்திடலாமா?"

ஒன்றை நிறுத்தலாம், மற்றதைக் கூடாது. தாத்தா, பாட்டி சட்டப்படியான காப்பாளராக இல்லாமல் தொடங்கிய செல்வமகள் கணக்கை, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதும் அதே 2024 வழிகாட்டுதலில் இருக்கிறது. அது காப்பாளர் மாற்றம். அதை நிறுத்தினால் கணக்கே முறையற்றதாக நிற்கும். வங்கிக்கு மாற்றுவது உங்கள் விருப்பம், அதை மட்டும் ரத்து செய்யலாம். மனுவில் "அலுவலக மாற்றத்தை மட்டும் திரும்பப் பெறுகிறேன், காப்பாளர் மாற்றம் தொடரட்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே மூலையில் போட்டுவிடுவார்கள்.

"கணக்கு மகன் பேர்ல. அவன் சிங்கப்பூர்ல இருக்கான். நான் போய் ரத்து பண்ணலாமா?"

அவர் கையெழுத்துப் போட்ட மனு வேண்டும். அசலைத் தபாலில் வரவழையுங்கள், அதுவரை ஸ்கேன் நகலைக் கொடுத்து "அசல் வருகிறது, அனுப்பாமல் வையுங்கள்" என்று கேட்டு வையுங்கள். கட்டுப்பட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் பெரும்பாலும் கேட்பார்கள். வெளிநாட்டுவாசியாகிவிட்டவர் புதிதாக பி.பி.எஃப் தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ளதை முதிர்வு வரை வைத்திருக்கலாம், நீட்டிக்க முடியாது. அப்படிப்பட்ட கணக்கை மாற்றப் போனால் கே.ஒய்.சி. கேள்விகள் கூடத்தான் வரும். இருந்த இடத்தில் இருக்க விடுவதுதான் நல்லது.

"எங்க பேங்க் வேற பேங்க்கோட சேந்துடுச்சு. அதுக்காகத்தான் மாத்த எழுதினேன்."

அதற்காக மாற்ற வேண்டியதே இல்லை. கருமுத்து தியாகராஜ செட்டியார் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு இணைந்தபோது கணக்குகளும் தானாகவே போய்ச் சேர்ந்தன. ஐ.எஃப்.எஸ்.சி.யும் செக் புத்தகமும் மாறலாம், கணக்கு அப்படியே தொடரும். மேலே சொன்னபடி மனுவைத் திரும்பப் பெறுங்கள்.

"மேனேஜர் சொந்தக்காரப் பையன். டார்கெட்னு கேட்டான், சரின்னுட்டேன். இப்ப எப்படி வேணாம்னு சொல்றது?"

ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். ரத்து மனு போவது பழைய அலுவலகத்துக்கு. அவரிடம் ஆவணம் வரவே வராது. அடுத்த கல்யாணத்தில் பார்க்கும்போது கேட்டால், "விலாசம் ஒத்து வரலப்பா" என்று சொல்லிக்கொள்ளலாம். நம் பக்கம் நம்பும்படியான காரணம்தான் அது.

"ரெண்டு பக்கமும் பதிலே இல்ல. யார்கிட்ட போறது?"

ஸ்டாம்ப் வாங்கிய நகல் இருந்தால் மட்டும் மேற்கொண்டு போங்கள். வங்கியாக இருந்தால் முதலில் அந்த வங்கியின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம்; 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். அஞ்சலகம் ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. அதற்குக் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அசையாவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் அஞ்சல் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள்.

புகாரில் மூன்று தேதி இருக்க வேண்டும்: மாற்ற மனு கொடுத்த நாள், ரத்து மனு கொடுத்த நாள், உறை அனுப்பப்பட்ட நாள். மூன்றாவது தெரியாவிட்டால், "அனுப்பிய தேதியைத் தெரிவிக்கவில்லை" என்பதையே ஒரு புகாராக எழுதுங்கள்.